சோடி சோடியாக வந்த படை

ஆட்டத்தை ஏற்பாடு செய்த அன்றே தனப்பிரியா கறாராகச் சொல்லிவிட்டாள், இது பொழுதுபோக்குக்கு இல்லை என்று. கதிர்வேல் சிரித்தான். அவனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். அவளுக்கு அவ்வளவு சுலபத்தில் வராது, ரிக் வண்டி கிளம்புகிற நாளில் நிச்சயமாக வராது.

தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் அது. திருச்செங்கோட்டுப் பக்கத்து போர்வெல் வண்டிகள் எல்லாம் வடக்கே புறப்படுகிற காலம். கதிர்வேலின் வண்டி சாயங்காலம் நாலு மணிக்குப் பூசை போட்டுக்கொண்டு சத்தீஸ்கருக்குக் கிளம்ப வேண்டும். போனால் திரும்பி வர ஜூன் ஆகிவிடும். வாசலில் ரிக்கும், அதன் கூடவே துளையிடுகிற இரும்பு ராடும் டீசலும் சுமந்து போகிற சப்போர்ட் லாரியும் கழுவித் துடைத்து மாலையோடு நின்றன. உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே இரண்டு லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கதிர்வேலின் அம்மா காளியாத்தாள் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, கிளம்புகிற நேரத்தில் இதுகளுக்கு என்ன வந்தது என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு அவளை யாரும் எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை.

தனப்பிரியாவின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பாவும் ரிக்கில் போனவர்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒடிசாவில் வேலை. ஒரு நாள் வண்டியிலிருந்து போன் வந்தது, அப்பாவுக்குக் காய்ச்சல், கூட்டிக்கொண்டு வருகிறோம் என்றார்கள். மூன்று நாள் அதையே சொன்னார்கள். கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண் லீவு போட்டுவிட்டு வந்து, அப்பாவின் கட்டிலுக்கு வெயில் படாத மூலையாகப் பார்த்து இடம் ஒதுக்கி, விரிப்பை மாற்றி, மாத்திரை வைக்க ஒரு ஸ்டூலையும் துடைத்து வைத்தாள். நாலாம் நாள் காலையில் வந்த ஆம்புலன்சின் பின்கதவைத் திறந்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் முந்தாநாளே தெரிந்திருந்தது.

இது அவளுக்கு மட்டும் நடந்த அநியாயம் இல்லை. ரிக் தொழிலில் இது ஒரு வழக்கமாகவே இருக்கிறது. வண்டியில் ஏதாவது அசம்பாவிதம் என்றால் வீட்டுக்குக் கடைசியில்தான் சொல்வார்கள். ஏஜென்டுக்குத் தெரியும், அடுத்த வண்டிக்காரனுக்குத் தெரியும், டீக்கடையில் தெரியும், பெண்டாட்டிக்கு மட்டும் ஆம்புலன்ஸ் சேலம் தாண்டிய பிறகு தெரியும். பொம்பளைகள் தாங்க மாட்டார்கள் என்று காரணம் சொல்வார்கள். தாங்குவதைத் தவிர வேறு எந்த வேலையைப் பொம்பளைகளுக்கு மிச்சம் வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் கல்யாணமாகி முதல் இரண்டு வருஷமும் போனில் சண்டைதான். நன்றாக இருக்கிறேன் என்று அவன் சொல்வான். அவள் நம்ப மாட்டாள். பத்துக் கேள்வி கேட்பாள், குரல் ஏன் கம்மியிருக்கிறது என்பாள், பதினோராவது கேள்விக்கு அவனுக்குக் கோபம் வந்துவிடும். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அந்தக் காலத்தில் லேபில் ஒளிந்து ஒளிந்து ஆடிய ஒரு பழைய போர் விளையாட்டு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒருவர் தன் படையை நகர்த்தி முடித்து, கோப்பைச் சேமித்து, ஈமெயிலில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். அவர் திறந்து, நடந்ததைப் பார்த்து, தன் படையை நகர்த்தித் திருப்பி அனுப்ப வேண்டும். கோப்பு ரொம்பச் சின்னது. காட்டுக்குள் இரண்டு கோடு டவர் கிடைத்தாலும் போய்விடும்.

ஆனால் அன்றைக்கு அதுவும் லேசில் நடக்கவில்லை. அவள் அனுப்பிய முதல் கோப்பு அவன் லேப்டாப்பில் திறக்கவே இல்லை. அவனிடம் இருந்தது பழைய பதிப்பு. புதியதை இறக்க வேண்டும், மணியோ மூன்றரை. போனிலிருந்து நெட் கொடுத்து இறக்கினால் திரையில் எவ்வளவு இறங்கியது என்று காட்டுகிற பச்சைக் கோடு நகரவே மாட்டேன் என்றது. வெளியே பூசாரி மணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். டிரில்லர் சின்னராஜ் வந்து, நேரமாச்சுங்க என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, பிறகு ஆர்வம் தாங்காமல் கதிர்வேலின் முதுகுக்குப் பின்னால் நின்று அவனும் கோட்டையே பார்க்க ஆரம்பித்தான். கதிர்வேலின் அப்பா காலத்திலிருந்து வண்டியில் இருக்கிறவன் அவன், நாற்பத்தைந்து வயசு.

ஒருவழியாக இறங்கியது. அறுகோணக் கட்டங்களாக நிலம், இரண்டு மூலையில் இரண்டு கோட்டை, நடுவில் ஆறு. அவளுக்குச் சிவப்புப் படை, அவனுக்கு நீலம். ஆளுக்கொரு பாஸ்வேர்டு போட வேண்டும், ஒருவர் பக்கத்தை மற்றவர் திறந்து பார்த்துவிடாமல் இருக்க. கதிர்வேல் யோசிக்கவே இல்லை, குலதெய்வத்தின் பேரையும் வண்டி நம்பரையும் சேர்த்துப் போட்டான். வண்டியின் நெற்றியில் ஒரு அடி உயரத்துக்கு எழுதியிருப்பதைப் பாஸ்வேர்டாக வைக்கிற கூத்து நம் ரிக்காரர்களிடம்தான் நடக்கும். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் மாற்ற நேரமில்லை.

விதிகளை அவள்தான் சொன்னாள். மெயிலில் வீட்டு விஷயம் எதுவும் எழுதக் கூடாது, ஆட்டத்தின் எண் மட்டும் இருக்க வேண்டும். நகர்த்தியது சரியில்லை என்று திரும்பத் திறந்து ஆடக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது கோப்பு வந்துவிட வேண்டும்.

“பேச்சுல எதை வேணாலும் மறைச்சிரலாங்க. ஆட்டத்துல உங்க கை தெரிஞ்சிரும். உங்களுக்கு ஒண்ணுன்னா எனக்குத்தான் மொதல்ல தெரியோணும். ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசில எனக்குத் தெரியறது இன்னொருக்கா நடக்கக் கூடாது.”

கதிர்வேல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, உனக்குத்தான் முதலில் சொல்வேன் என்று சத்தியம் பண்ணினான். நாலு மணிக்கு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது.

அடுத்த நாலு மாசம் கோப்புகள் வந்தன. கதிர்வேல் அவன் பைக் ஓட்டுகிற மாதிரியேதான் ஆடினான், முன்னும் பார்க்க மாட்டான் பின்னும் பார்க்க மாட்டான். ஒற்றைக் குதிரையை ஆற்றைத் தாண்டி அவள் எல்லைக்குள் அனுப்புவான். அவளுடைய வில்லாளிகள் அதை அடித்துப் போடுவார்கள். புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால் மறுநாள் இன்னொரு குதிரை தனியாக வந்து நிற்கும். அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருக்கும். இந்தக் கிறுக்குத்தனத்தை வேறு யாரும் செய்ய முடியாது. ஆள் நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான், திமிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். போனில் பேச்சும் குறைந்து இதமாகிவிட்டது. டவர் கிடைத்த அன்று ஐந்து நிமிஷம் பேசுவான், அவளும் குடையமாட்டாள். சின்னராஜ் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான் என்றும், குதிரை செத்தால் அவனுக்குத்தான் அதிகமாக வலிக்கிறது என்றும் ஒரு தடவை சொன்னான்.

மார்ச் முதல் வாரத்தில், புதன்கிழமை வர வேண்டிய அறுபத்தொன்றாவது கோப்பு வரவில்லை. வியாழனும் வரவில்லை. கதிர்வேலின் போன் அணைந்து கிடந்தது. தனப்பிரியா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் அன்று பத்தாம் வகுப்புக்குக் கணக்குத் தேர்வு. வினாத்தாளைக் கொடுத்துவிட்டு மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு மெயிலைத் திறந்து திறந்து மூடினாள். மத்தியானம் சின்னராஜின் போன் கிடைத்தது. ரொம்ப உள்காட்டில் பாயின்ட் பார்த்துத் துளை போட்டுக்கொண்டிருக்கிறோம், ஓனர் போன் சேற்றுத் தண்ணியில் விழுந்துவிட்டது, அவர் நல்லா இருக்காருங்க என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வைத்துவிட்டான். அவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் வந்ததும் அவள் மறுபடியும் மெயிலைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை கோப்பு வந்துவிட்டது. பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போனவள் செருப்பைக் கழற்றாமலே லேப்டாப்பைத் திறந்தாள். அறுபத்தொன்று என்று எண் போட்டிருந்ததைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காளியாத்தாள் கொண்டுவந்து வைத்த டீயைப் பாதி குடித்த பிறகுதான் படத்தை ஒழுங்காகப் பார்த்தாள்.

நீலப் படை பெரிதாக ஒன்றும் செய்திருக்கவில்லை. ஆற்றைத் தாண்டிய குதிரையைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. கல்லெறி வண்டி ஒன்று இரண்டு கட்டம் முன்னே வந்திருந்தது, அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஒரு தானிய வண்டி. களைத்துப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைக்க ரொம்பவே ஆசைப்பட்டாள்.

ஞாயிறு வந்த கோப்பிலும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை வந்ததிலும் அப்படித்தான். எது நகர்ந்தாலும் சோடியாக நகர்ந்தது. முன்னால் ஆயுதம், பின்னால் தானிய வண்டி. முன்னது ஒரு கட்டம் போனால் பின்னது ஒரு கட்டம், முன்னது நின்றால் பின்னதும் நிற்கும். இந்த விளையாட்டில் அதற்கு ஒரு அவசியமும் இல்லை. ஒரு தானிய வண்டி நடுவில் நின்றாலே சுற்றி நாலு கட்டத்துக்குப் போதும். விளையாடத் தெரிந்த எவனும் இப்படி ஆடமாட்டான். ஆனால் அந்த ஒழுங்கை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். மனசு அதைப் பிடிக்கப் போய்ப் போய்த் திரும்பியது.

புதன்கிழமை காலை பள்ளி பஸ் சங்ககிரி ரோட்டில் ஏறும்போது எதிரே ஒரு ரிக் வந்தது. அதன் பின்னால் பத்தடி விட்டு அதன் சப்போர்ட் லாரி. ரிக் பிரேக் போட்டால் லாரியும் பிரேக் போட்டது. வாழ்நாளெல்லாம் பார்த்த காட்சி அது. தனப்பிரியா முன் சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டத்தை ஆடுவது கதிர்வேல் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ரிக்காரன். தலைமுறையாக வண்டியைத் தனியே விட்டுப் பழகாத கை. பாஸ்வேர்டுக்கு அவன் எங்கும் தேட வேண்டியதில்லை, வண்டிக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

அப்படியானால் கதிர்வேலின் கைக்கு என்ன ஆயிற்று?

உடனே போன் போட்டுக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் மறுபடியும் நல்லா இருக்காருங்க என்றுதான் வரும் என்பது அவளுக்குத் தெரியும். அப்பா செத்த பிறகும் மூன்று நாள் காய்ச்சல் என்று சொன்ன தொழில் இது. முதலில் தனக்குச் சந்தேகமறத் தெரிய வேண்டும் என்று நினைத்தாள். இன்னொன்றும் இப்போது உறைத்தது. முன்னெல்லாம் கோப்பு கண்ட நேரத்தில் வரும், டவரைப் பொறுத்து. இப்போது ஒவ்வொரு தடவையும் பகல் பதினொன்றரை மணிக்கு வருகிறது. காட்டுக்குள் இருக்கிறவனுக்கு இந்த ஒழுங்கு எப்படி வரும்?

வியாழக்கிழமை கோப்பு வந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். கோட்டைக்குள் இருந்த வில்லாளிகள் அத்தனை பேரையும் வெளியே எடுத்து, தெற்கு மூலைக்கு அனுப்பிவிட்டாள். கோட்டை வாசல் திறந்து கிடந்தது. இதற்குள் ஆற்றைத் தாண்டி வந்திருந்த நீலக் குதிரைகள் மூன்றே கட்டம் தள்ளி நின்றன. ஒரே நகர்வில் உள்ளே புகுந்தால் ஆட்டம் முடிந்தது. கதிர்வேல் அவளுக்காக எதையும் விட்டுக்கொடுப்பான், ஆட்டத்தை மட்டும் மாட்டான். காய்ச்சலில் கிடந்தாலும் ஒரு கண்ணைத் திறந்து அந்தக் கோட்டையை எடுத்திருப்பான். கோப்பை அனுப்பிவிட்டு அவள் வேண்டிக்கொண்டது, கடவுளே, நான் தோற்றுப்போக வேண்டும் என்பதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் பதில் வந்தது. நீலக் குதிரைகள் இரண்டு கட்டம் பின்னால் போயிருந்தன. அவற்றின் பின்னால் தானிய வண்டியும் இரண்டு கட்டம் பின்னால் போயிருந்தது. வழியை விட்டு ஒதுங்கி, நீங்களே ஜெயித்துக்கொள்ளுங்கள் என்று நின்றது அந்தப் படை.

காளியாத்தாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கக் காட்டுக்குப் போயிருந்தாள், வீட்டில் யாரும் இல்லை. தான் வைத்த விதியைத் தானே முறித்து மெயிலில் எழுதினாள். சின்னராஜண்ணா, ஆடுவது நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும். அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் பார்ப்பேன். பதில் வராவிட்டால் கிளம்பி வருவேன்.

அனுப்பிவிட்டு உட்கார முடியவில்லை. எழுந்து பையில் இரண்டு சேலையை வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். வெள்ளைச் சேலை ஒன்று கையில் பட்டபோது அதைத் தூக்கிக் கட்டிலுக்கு அந்தப்பக்கம் எறிந்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று. தாலிக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்து விட்டுவிட்டாள். முப்பத்தைந்து நிமிஷம். நாற்பதாவது நிமிஷம் போன் அடித்தது. அது அடித்து ஓயப் போகிற நேரத்தில் எடுத்தாள்.

சின்னராஜ்தான். பெரிய ஆம்பளை ஒருவன் அப்படி அழுது அவள் கேட்டதில்லை.

“உசுருக்கு ஒண்ணுமில்லீங்க அம்மிணி. சாமி சத்தியமா ஒண்ணுமில்லீங்க.”

பிறகு துண்டு துண்டாகச் சொன்னான். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் ராடு மாற்றும்போது பிடி நழுவி விழுந்தது, ஓனர் கீழே நின்றார். ராய்ப்பூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாளாக இருக்கிறார்கள். காலையில் பார்வை நேரம் முடிந்து வெளியே வந்து, பதினொன்றரைக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து கோப்பை அனுப்புவானாம். கோப்பு போகாவிட்டால் அம்மிணிக்குத் தெரிந்துவிடுமே என்று அவனாகத்தான் ஆடினானாம். நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னா மனசு கொஞ்சம் லேசா இருக்கும்னு நினைச்சேனுங்க என்றான். அவனைத் திட்டுவதற்கு அவளிடம் வார்த்தை எத்தனையோ இருந்தது. போனை அவரிடம் கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

ரொம்ப நேரம் காலடிச் சத்தமும் இந்திப் பேச்சும் கேட்டன. அப்புறம் கதிர்வேலின் மூச்சு.

“நாந்தான் சொல்ல வேண்டாம்னேன், தனா. அவரைத் திட்டாத.”

“எனக்குச் சத்தியம் பண்ணுனீங்க.”

அவள் காத்திருந்தாள். இத்தனை நாளும் பொறுத்ததைவிட அந்த ஒரு நிமிஷத்தைப் பொறுப்பது கஷ்டமாக இருந்தது.

“வலது காலு முட்டிக்குக் கீழ இல்ல தனா. எடுத்துட்டாங்க. அதை உங்கிட்டச் சொல்றதுக்கு எனக்கு வாயே வல்ல.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உண்மை தெரிந்தால் போதும், எதுவானாலும் தாங்கிவிடுவேன் என்று எட்டு வருஷமாகச் சொல்லி வந்தவள். தெரிந்த பிறகு அது இப்படி நெஞ்சில் ஏறி உட்காரும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. வலிக்குதுங்களா என்று கேட்டாள். ராத்திரியில் வலிக்குது என்றான். சாப்பிட்டீங்களா என்றாள். கஞ்சி குடித்தேன் என்றான். நாலு மாசத்தில் அவர்கள் உண்மையாகப் பேசிய பேச்சு அதுதான்.

காலையில் கிளம்பி வருகிறேன் என்றாள். வராதே என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. ஆனால் வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொண்டான்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத. அவ தாங்கமாட்டா. வேற ஏதாச்சும் சொல்லிட்டு வா.”

வெளியே படல் திறக்கிற சத்தம் கேட்டது. காளியாத்தாள் தழைக்கட்டை ஆட்டுப் பட்டியில் போட்டுவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்திருக்கிற மருமகளையும் அவள் கையிலிருந்த போனையும் பார்த்தாள்.

“கதிரு பேசுனானா சாமி? நல்லா இருக்கறானா?”

“நல்லா இருக்காருங்க அத்தை.”

யோசிக்காமலே வந்துவிட்டது. அசல் சின்னராஜின் குரலில், அதே அவசரத்தில் வந்தது. காளியாத்தாளின் முகம் தெளிந்தது. ரெண்டு வாரமா எம்பட மனசே சரியில்ல, இப்பத்தான் நிம்மதி என்று சொல்லிக்கொண்டு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனாள்.

தனப்பிரியா அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவள் வாயில் அந்த வார்த்தை கசந்தது. எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. கெட்ட எண்ணமே வேண்டியதில்லை, எதிரே நிற்கிறவர் மேல் கொஞ்சம் பிரியமும் கொஞ்சம் பயமும் இருந்தால் போதும். ஸ்டென்ட்டை நினைத்தாள். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்தாள். தாங்கமாட்டாள் என்று கதிர்வேல் சொன்னதையும் நினைத்தாள், தன்னைப் பற்றியும் அவன் அப்படித்தானே நினைத்திருந்தான் என்பதையும் நினைத்தாள். மாமியாருக்கு ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் தன் தலையில்தான் விடியும் என்பது தெரிந்தே எழுந்தாள்.

அடுக்களையில் காளியாத்தாள் சொம்பைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தனப்பிரியா அவளைத் தோளில் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, தானும் எதிரே தரையில் உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது பொய்யிங்க அத்தை என்று ஆரம்பித்தாள். ராடு விழுந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரியைச் சொன்னாள். எந்தக் கால், எதுவரைக்கும் என்பதையும் சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னார் என்பதையும் மறைக்கவில்லை.

காளியாத்தாள் அழவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கையை மட்டும் மெதுவாக உருவிக்கொண்டு, மகனுடைய வலது கால் அங்கே இருப்பதுபோலத் தன் மடியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். தனப்பிரியா அவளுடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வாங்கியது, நின்றது, மறுபடி வந்தது. அப்புறம் காளியாத்தாள் எழுந்து, அலமாரியில் இருந்து தன் மாத்திரை டப்பாவை எடுத்து எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று திறந்து பார்த்தாள்.

“ரெண்டு டிக்கெட்டாப் போடு சாமி” என்றாள்.